பொறாமைக்குப் படம் வரைய முடியுமா?

யானைக்கு வேறு பெயர் சொல்லுங்கள் என்றால் ஐந்தாம் வகுப்பே கையைத் தூக்கும். களிறு, வேழம், கரி என்று ஆளுக்கொன்று வந்து விழும். ஒருத்தி ‘பிடி’ என்பாள். ‘அது பொம்பள யானைல்லா’ என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் திருத்துவான். சந்தேகம் வந்தால் படத்தைக் காட்டித் தீர்த்துவிடலாம்.

அதே வகுப்பில் பொறாமைக்கு வேறு சொல் கேட்டுப் பாருங்கள். கைடு படித்த பிள்ளை ‘அழுக்காறு’ என்று சொல்லும்.

‘அழுக்காறுன்னா என்னடா?’

‘பொறாமை, டீச்சர்.’

‘பொறாமைன்னா?’

‘அழுக்காறு, டீச்சர்.’

கேள்வித்தாளில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. பிள்ளையின் மனசுக்குள் மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. தெரியாத ஒரு சொல்லுக்குப் பாதி தெரிந்த ஒரு சொல்லைச் சோடி சேர்த்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலாம், ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவள் நான். பெயர்ச்சொல் ஆறு வகை என்று நடத்தும்போது பொருள், இடம், சினை மூன்றும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பலகையைத் தொடலாம், பள்ளியைக் காட்டலாம், மூக்கைப் பிடிக்கலாம். காலத்துக்குக் காலண்டர் இருக்கிறது. பண்புப்பெயரிலும் செம்மை, வட்டம் போன்றவை கண்ணுக்குத் தெரிபவை. கோபம், ஏக்கம், பெருமிதம், நாணம் என்று மனசுக்குள் நடப்பவற்றுக்கு வரும்போதுதான் கையில் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. அவற்றுக்கு ஒத்த சொற்களையும் கற்பிக்க வேண்டும் என்றால் வேலை இரட்டிப்பு.

ஒத்த சொற்களைப் பட்டியலாகக் கொடுப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சொல் எந்தச் செயலிலிருந்து பிறந்தது, எதனால் அந்த உணர்ச்சி வருகிறது, வாக்கியத்தில் அது எந்த வினையோடு கூடி நடக்கிறது என்று இந்த மூன்றையும் பிள்ளை பார்த்துவிட்டால், பட்டியலை அதுவே எழுதிக்கொள்ளும்.

நிகண்டு படித்த காலம்

ஒரு பொருளுக்குப் பல சொல் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் அரிச்சுவடி, ஆத்திசூடிக்குப் பிறகு நிகண்டைத்தான் கையில் கொடுத்தார்கள். இருப்பவற்றில் பழையதான திவாகரம் பன்னிரண்டு தொகுதி கொண்டது. தெய்வப் பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போய், பண்பு பற்றிய பெயருக்கும் செயல் பற்றிய பெயருக்கும் தனித்தனித் தொகுதி வைத்திருக்கிறார் திவாகரர். கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியிருக்கிறது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் இருந்ததால் பாடிப் பாடியே மனப்பாடம் ஆகிவிடும். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளிடம் அது வெகுகாலம் புழங்கியது.

நிகண்டால் வந்த லாபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்து வயதுப் பிள்ளையின் வாயில் நூற்றுக்கணக்கான சொற்கள் ஏறின. பின்னாளில் செய்யுள் படிக்கும்போது அர்த்தம் தானாகத் திறந்தது. நிகண்டின் வேலையே ஒரு பொருளுக்கு உரிய பெயர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது. மரத்துக்கும் மலைக்கும் அந்த வரிசை பெரும்பாலும் போதும். அச்சம், நாணம், வெகுளிக்குப் போதாது. மிளகிலும் காரம் உண்டு, மிளகாயிலும் உண்டு, இஞ்சியிலும் உண்டு. ரசத்தில் போட வேண்டியதை யாராவது மாற்றிப் போடுவார்களா? மனசைப் பற்றிய ஒத்த சொற்களும் அந்த ரகம்தான்.

இந்தச் சிக்கலைத் தொல்காப்பியர் நன்றாக அறிந்திருந்தார். சொல்லதிகாரத்தின் உரியியலை ஆசிரியர் பயிற்சிப் பாடமாகவே வைக்கலாம். பிள்ளைக்குப் பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்திச் சொல் என்கிறார். ஏற்கெனவே வெளிப்படையாகத் தெரிந்த சொல்லுக்கு விளக்கம் வேண்டாம் என்கிறார். பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையே இராது என்று எச்சரிக்கிறார். அழுக்காறுக்கும் பொறாமைக்கும் நடுவே என் வகுப்பு சுற்றிக்கொண்டு நின்றதே, அந்த இடம்தான் அது. கடைசியில், உணர்த்துகிறவருக்குத் திறமை இருந்தால் பொருள் பிசகாது, ஆனாலும் உணர்வது கேட்பவரின் ஆற்றலைப் பொறுத்தது என்று இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்.

கலங்கின தண்ணீர்

‘பழகியதோடு சார்த்து’ என்றால் எதோடு சார்த்துவது? தமிழே வழி வைத்திருக்கிறது. மனசைப் பற்றிய நம் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை வினையிலிருந்து பிறந்தவை. அந்த வினைகளைப் பிள்ளைகள் கண்ணாலும் உடம்பாலும் அறிவார்கள். சீறுவது பாம்பு, அதிலிருந்து சீற்றம். வெயிலில் கண் கூசும், விலாவில் விரல் வைத்தால் உடம்பு கூசும், அதிலிருந்து கூச்சம். கை நடுங்கினால் நடுக்கம். கண்ணில் மிளகாய் பட்டால் எரிச்சல். தம்பி நோட்டில் கிறுக்கினாலும் எரிச்சல். பழம் கனிந்தால் கனிவு. ‘இந்தச் சொல்லுக்குள்ள என்ன வேலை நடக்குது, கண்டுபிடிங்க’ என்று கேட்டால் போதும், பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள்.

கலக்கம் என்ற சொல்லை நான் தண்ணீரில்தான் நடத்துவேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் பள்ளிக்கூட வாசலில் அள்ளிய கரிசல் மண் கொஞ்சம். ஒரு பிள்ளை குச்சியால் கலக்கும். டம்ளருக்குப் பின்னால் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

‘விரல் தெரியுதா?’

‘தெரியல டீச்சர், கலங்கிப்போச்சு.’

‘உங்களுக்கு எப்பவாச்சும் மனசு இப்படி ஆனதுண்டா?’

கொஞ்ச நேரம் சத்தமே இராது. பிறகு ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: ‘எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப. என்ன நடக்குதுன்னே தெரியல டீச்சர்.’

கலக்கம் என்பது வெறும் பயம் இல்லை, என்ன நடக்கும் என்று முன்னே தெரியாத பயம் என்பதை இதைவிட நன்றாக எந்த அகராதியும் சொல்லிவிடாது. டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிடுவேன். மணல் என்றால் சட்டென்று அடியில் போய் உட்கார்ந்துவிடும். கரிசல் மண் அப்படி இல்லை. சாயங்காலம் மணி அடிக்கும்போதும் தண்ணீர் மங்கலாகத்தான் இருக்கும். மறுநாள் வந்து பார்த்தால் மேலே தெளிந்திருக்கும். அப்போது எதிர்ச்சொல்லும் கிடைத்துவிடுகிறது: தெளிவு. மயக்கம் தெளிந்தது, பயம் தெளிந்தது என்று வீட்டில் ஏன் சொல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். ‘மண்ணு போகல டீச்சர், அடியிலதான் கெடக்கு’ என்று ஒருவன் சொன்னான். தெளிவு என்றால் கவலை ஒழிந்துபோவது அல்ல, அது இருக்கும்போதே கண் தெரிவது என்று அவன் போக்கில் அவன் கண்டுபிடித்துக்கொண்டான்.

எல்லாச் சொல்லும் இப்படி உடையாது. சோகம், கோபம், துக்கம், பயம் போன்றவை வடமொழிவழி வந்தவை. உடைத்துப் பார்க்கத் தமிழ் வினை கிடைக்காது. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அவை பிள்ளைகள் பேசப் பழகும்போதே கூட வந்தவை. அச்சத்தையும் துயரத்தையும் சார்த்திக் காட்ட அவையே நல்ல தூண்கள்.

எதனால் வந்தது?

இரண்டாவது வழியும் தொல்காப்பியரிடம் கிடைத்ததுதான். மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறார். அச்சம் என்றால் பயம், உவகை என்றால் மகிழ்ச்சி என்று பொருள் எழுதிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணத்தால் பிறக்கும் என்று சொல்கிறார். அச்சம் அணங்காலும் விலங்காலும் கள்வராலும் தம் இறைவனாலும் வரும். இறைவன் என்றால் அரசன். பெருமிதம் கல்வியால், அஞ்சாமையால், புகழால், கொடையால் வரும். காரணத்தைச் சொல்லிவிட்டால் உணர்ச்சி தானாக விளங்கும் என்பது அவர் கணக்கு.

இதையே வகுப்பில் செய்யலாம். பலகையில் ‘அச்சம்’ என்று எழுதி, உங்களுக்கு எது எதனால் வரும் என்று கேட்டேன். இருட்டு, தெருநாய், பரீட்சை, முனியசாமி கோயில் ஆலமரம், தலைமை ஆசிரியர், ‘அப்பா தண்ணி போட்டுட்டு வர்றது’ என்று வந்தது பட்டியல். அணங்குக்கு முனியசாமி, விலங்குக்கு நாய், அரசனுக்குத் தலைமை ஆசிரியர். கள்வர் மட்டும் எங்கள் ஊர்ப் பட்டியலில் இல்லை. திருடிக்கொண்டு போக எங்கள் வீடுகளில் என்ன இருக்கிறது என்றாள் ஒருத்தி.

அடுத்த படிதான் முக்கியம். ஒவ்வொரு காரணத்துக்கும் எந்தச் சொல் ஒட்டும்? நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தால் நடுக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் பதற்றம். ராத்திரி ஆலமரத்தடியைக் கடந்தால் கிலி. தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினால் தயக்கம் கலந்த பயம். அப்பா விஷயத்துக்கு என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. டம்ளர்த் தண்ணீரைப் பார்த்திருந்த பிள்ளைகள் ‘கலக்கம்’ என்று அவர்களே எழுதினார்கள்.

பாருங்கள், ஐந்தாறு ஒத்த சொற்கள் வந்துவிட்டன. ஒன்றுகூட மனப்பாடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு நேரம் இருக்கிறது.

வெட்கத்தை எடுத்துக்கொண்டால் இந்த முறையின் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். கூச்சம், வெட்கம், நாணம், அவமானம் நாலையும் பிள்ளைகள் ஒன்றாகக் குழப்புவார்கள். காரணத்தைக் கேட்டால் பிரிந்துவிடும். புது ஆள் முன்னால் பேச வராவிட்டால் கூச்சம். எல்லாரும் நம்மைப் பாராட்டி நம்மையே பார்த்தால் வெட்கம். சட்டை கிழிந்திருந்து நாலு பேர் பார்த்தாலும் வெட்கம். நாலு பேர் முன்னால் ஒருவர் நம்மைத் தாழ்த்திப் பேசினால் அவமானம். நாணம் என்றதும் கல்யாணப் பெண்ணைத்தான் சொல்வார்கள், சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. திருக்குறளில் 102-ஆம் அதிகாரம் நாணுடைமை. தகாத செயலைச் செய்ய மனம் ஒடுங்குவதுதான் அங்கே நாணம். யாரும் பார்க்காதபோதும் அடுத்தவன் பென்சிலை எடுக்கக் கை வரவில்லையே, அது நாணம் என்று சொன்னால் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அன்பும் அருளும் இன்னொரு நல்ல சோடி. இரண்டும் ஒன்றுதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் எட்டாம் அதிகாரமாகவும், அருளுடைமையைத் துறவறவியலில் 25-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஒன்றே என்றால் இரண்டு அதிகாரம் எதற்கு? அம்மாவிடமும் தங்கச்சியிடமும் நமக்கு இருப்பது அன்பு. பேர் தெரியாதவருக்கும் அடிபட்ட காக்கைக்கும் இரங்குவது அருள். அன்பு பெற்ற பிள்ளைதான் அருள் என்று உறவுமுறையையும் அவரே சொல்லி வைத்திருக்கிறார்.

கூடவே வரும் வினை

மூன்றாவது வழி வாக்கியம். தமிழில் இந்தப் பெயர்கள் தனியாக நடமாடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு வினை உண்டு. கோபம் வரும், தணியும். சினம் கொள்வார்கள். ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வார்கள். கவலை அரிக்கும். துக்கம் தொண்டையை அடைக்கும். ஏக்கம் பிடிக்கும். வெட்கம் பிடுங்கித் தின்னும். நம்பிக்கையை நாம் ஒருவர்மேல் வைக்கிறோம், விசுவாசத்தைக் காட்டுகிறோம். வைப்பதற்கும் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம்.

சொல் ஒன்றாக இருந்து வினை மாறினாலே குணம் மாறிவிடும். பெருமைப்படுவது நல்லது, பெருமையடிப்பது நல்லதல்ல. முதலாவது பெருமிதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, இரண்டாவது செருக்குக்கும் தலைக்கனத்துக்கும் பக்கத்தில். ‘பெருமைக்கு வேறு சொல் எழுதுக’ என்று கேட்டால் பிள்ளை எதை எழுதும்? ‘அக்கா பரிசு வாங்கியதை நினைத்து அம்மா பெருமைப்பட்டாள்’ என்று வாக்கியத்தைக் கொடுத்துக் கேட்டால் தடுமாறாது.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ஒரு வாக்கியத்தில் ஒத்த சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிப்போட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ‘பெரிய தாத்தா செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம்.’ சரி. ‘சோகம் விசாரிக்கப் போனோம்.’ வகுப்பு சிரிக்கும். ‘கவலை விசாரிக்கப் போனோம்.’ இன்னும் பலமாகச் சிரிக்கும். சிரிப்பு வந்தால் சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இலக்கண விதி தெரியாத பிள்ளைக்கும் இந்தக் காது உண்டு. பேச்சு மொழி கொடுத்த காது அது. அதைப் பாடத்துக்குப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

கடுப்பு பெரிசா, கோபம் பெரிசா?

அளவு என்று ஒன்று இருக்கிறது. எரிச்சல், கடுப்பு, கோபம், ஆத்திரம், சீற்றம், கொந்தளிப்பு என்று அட்டைகளில் எழுதி ஆளுக்கொன்று கையில் கொடுத்து, சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் வரிசையாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். எரிச்சல் முதலில் போய் நின்றுவிடும். கொந்தளிப்பு கடைசியில். நடுவில்தான் வழக்கு.

‘கடுப்பு சின்னது. கோவம்தான் பெரிசு.’

‘இல்ல. டீச்சர், எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா ஏசுவாக. கடுப்பாயிட்டாகன்னா ஏசவே மாட்டாக. பாத்திரத்தத்தான் டங்கு டங்குனு வைப்பாக. அதுதான் பயமா இருக்கும்.’

அந்தப் பெண்ணின் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டு இருட்டினபிறகு வீடு திரும்புகிறவர். எதிர்க்கட்சிக்காரன் கொஞ்ச நேரம் யோசித்தான். ‘அப்பக் கோவம் வெளிய போயிருது. கடுப்பு உள்ளயே கெடக்கு’ என்று சொல்லிவிட்டு இடத்தை விட்டுக் கொடுத்தான். கடைசியில் இரண்டு அட்டையும் ஒரே படியில் நின்றன, ஒன்று வாசலைப் பார்த்து, ஒன்று சுவரைப் பார்த்து. எந்த வரிசை சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு வீட்டில் கடுப்பு பெரிசு, இன்னொரு வீட்டில் கோபம் பெரிசு. வரிசைக்குக் காரணம் சொல்லத் தெரிந்தால் சொல் தெரிந்துவிட்டது.

இந்த விளையாட்டில் ஊர்ச்சொற்களையும் உள்ளே விடுவேன். எங்கள் பக்கம் ‘சடைவு’ என்பார்கள், ‘வெசனம்’ என்பார்கள், ‘மனத்தாங்கல்’ என்பார்கள். வெசனம் விசனத்தின் ஊர் உருவம். கரிசல் மண்ணின் பேச்சையெல்லாம் திரட்டி கி. ராஜநாராயணன் ஒரு வட்டார வழக்கு அகராதியே போட்டாரே, அந்த மண்ணில் இருந்துகொண்டு பாட்டி சொல்லும் சொல்லைக் கொச்சை என்று தள்ளுவானேன்? பாடநூலில் ‘துயரம்’ வரும்போது ‘உங்க பாட்டி இதுக்கு என்ன சொல்வாக?’ என்று கேட்டால் பழகியதோடு சார்த்துவது அங்கேயே நடந்துவிடுகிறது. பரீட்சையில் எதை எழுத வேண்டும், வீட்டில் எதைப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

டென்ஷன் விழுங்கிய சொற்கள்

இப்போதைய பிள்ளைகளுக்கு இன்னொரு தகராறு. ‘டென்ஷன்’. பரீட்சை வந்தாலும் டென்ஷன், பஸ் வராவிட்டாலும் டென்ஷன், அண்ணன் அடித்தாலும் டென்ஷன். பதற்றம், எரிச்சல், கோபம், கவலை, தவிப்பு எல்லாவற்றையும் ஒரே சொல் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ‘ஃபீல் பண்ணாத’ என்பதும் அப்படித்தான். வருத்தம், ஏமாற்றம், மனத்தாங்கல் மூன்றும் அதற்குள்ளே. அந்தச் சொற்களை வகுப்பில் தடை செய்து பயனில்லை. பலகையின் நடுவில் டென்ஷனைப் பெரிசாக எழுதி, ‘இன்னிக்கு வந்த டென்ஷன் எந்த டென்ஷன்?’ என்று கேட்டுச் சுற்றிலும் கோடு இழுத்தால், அதற்குள் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சொற்கள் பெயர்ந்துகொண்டே இருப்பவை என்பதையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ‘அவ ஒரு வெகுளி’ என்றால் இன்றைக்குக் கள்ளங்கபடு தெரியாதவள். வள்ளுவரின் வெகுளாமை அதிகாரத்தில் வெகுளி என்றால் கோபம். ‘இறும்பூது எய்துகிறேன்’ என்று மேடையில் பெருமைப்படுகிறவர்கள் பலர். பழைய நூல்களில் இறும்பூது என்றால் வியப்பு. எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். மகிழ்ச்சி என்பது எழுத்தில் மட்டும் இருந்த சொல், பேச்சில் சந்தோஷம்தான். 2016-இல் ‘கபாலி’ படத்தில் ரஜினிகாந்த் சொன்னபிறகு டீக்கடையிலும் ‘மகிழ்ச்சி’ கேட்டது. ஒரு சொல் ஏட்டிலிருந்து வாய்க்கு இறங்கி வர முடியும் என்று காட்ட என் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் இல்லை.

கேள்வியை மாற்றினால் போதும்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபிறகு பாட்டும் பொம்மையும் பட அட்டையும் நிறைய வந்திருக்கின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவதால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. படத்துக்குள் அடங்கும் சொற்களுக்கு அது நல்ல ஏற்பாடு. படத்துக்குள் அடங்காத சொற்களுக்குக் கூடுதலாகச் செலவே இல்லாத ஒன்று தேவை: கேள்வியை மாற்றிக் கேட்பது.

‘கூச்சம் – பொருள் எழுதுக’ என்பதை விட்டுவிட்டு இப்படிக் கேட்கலாம். ‘புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் பாடச் சொன்னார்கள். அவளுக்கு வந்தது கூச்சமா, அவமானமா? ஏன்?’ அந்த ‘ஏன்’ என்பதற்குப் பாதி மதிப்பெண் வையுங்கள். ‘கவலை, துக்கம், ஏமாற்றம் மூன்றில் பொருந்துவதை எழுதுக: மழையால் சுற்றுலா நின்றுபோனது.’ ‘பொறுமை, நிதானம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அமைத்து எழுதுக.’ இப்படிப்பட்ட கேள்விக்குக் கைடில் விடை இராது. பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்துதான் எடுத்து எழுத வேண்டும்.

அளவும் முக்கியம். நாலாம் வகுப்பில் ஓர் உணர்ச்சிக்கு இரண்டு மூன்று சொல் போதும், எல்லாம் பேச்சில் இருப்பவையாக இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பில் ஏட்டுச் சொல் ஒன்றிரண்டைச் சேர்க்கலாம்: உவகை, பரிவு, சீற்றம். ஒரு வாரத்துக்கு ஓர் உணர்ச்சிக்கு மேல் வேண்டாம். கற்ற சொல் அடுத்தடுத்த வாரங்களில் கதையிலும் கட்டுரையிலும் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும். கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, ‘இப்ப நரிக்கு என்ன? ஏமாற்றமா, ஆத்திரமா?’ என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

இதனால் என்ன பலன் என்று கேட்கிற பெற்றோர் உண்டு. மதிப்பெண் வரும், கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வராது, செய்யுள் பயம் குறையும். இவை எல்லாருக்கும் தெரிந்த பலன்கள். நான் கண்ணால் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த இரண்டு பையன்களை விசாரித்தேன். ‘அவன் மேல என்ன கோவம் உனக்கு?’ என்றதற்கு, ‘கோவம் இல்ல டீச்சர், மனத்தாங்கல்’ என்றான் ஒருவன். அவன் பிறந்த நாளுக்கு மற்றவன் வரவில்லையாம். கோபம் என்றிருந்தால் யார்மேல் தப்பு என்று நான் பஞ்சாயத்துத் தொடங்கியிருப்பேன். மனத்தாங்கல் என்றதால், ‘ஏன் வரலைன்னு அவனையே கேளேன்’ என்பதோடு என் வேலை முடிந்தது. வரமுடியாமல் போனதற்கு அவனிடம் காரணம் இருந்தது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் சாப்பாட்டுக்கு நின்றார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் அகராதி வாங்க வேண்டியதில்லை, வாங்கினால் நல்லது. பிள்ளை வந்து ‘டென்ஷனா இருக்கு’ என்றால், ‘பயமா இருக்கா, எரிச்சலா இருக்கா, கவலையா இருக்கா?’ என்று திருப்பிக் கேளுங்கள். உடனே பதில் வராது. பிள்ளை கொஞ்சம் தேடும். நீங்களே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது தேடிச் சொன்னதும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: எதனால்?